இரண்டரை அடி ஸ்டூல்

தீபாவளி கழிந்த இரண்டாம் செவ்வாய்க்கிழமை, காலை எட்டே முக்கால் மணிக்கு, நாமக்கல்லில் நாங்கள் வேலை செய்யும் ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் கூடியிருந்தவர்கள் பின்வருமாறு. முதலாளி பாலசுந்தரம், பில் போடும் மேஜைக்குப் பின்னால், சுழல் நாற்காலியில். மாடி மேலாளர் தீர்த்தகிரி, வாடிக்கையாளர்களுக்காகப் போட்ட சோபாவின் ஒரு நுனியில். முதலாளியின் தோல் பை, அதே சோபாவின் மறு நுனியில். சேலைப் பிரிவின் பெண்கள் பதினொரு பேர், கண்ணாடிக் கவுண்டருக்குப் பின்னால், நின்றபடி. சுவரோரமாக, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய பதினொரு பிளாஸ்டிக் ஸ்டூல்கள். அவற்றின் மேல் யாரும் இல்லை.

பையைக்கூடச் சேர்த்து எழுதியிருக்கிறேன். அதற்கும் உட்கார இடம் கிடைத்திருந்தது என்பதால்.

என் பெயர் தெய்வநாயகி. ராசிபுரத்தில் நெசவுக் குடும்பத்தில் பிறந்து, அங்கேயே பெண்கள் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். அனுப்புநர், பெறுநர், பொருள், இப்படிக்கு என்று கடிதம் எழுதும் முறை அங்கே கையில் ஏறியது, இன்றுவரை இறங்கவில்லை. இந்தக் கடையில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். விடுப்புக்கு, பிள்ளையின் மாற்றுச் சான்றிதழுக்கு, தெருக்குழாய் உடைந்ததற்கு என்று யாருக்குக் கடிதம் வேண்டுமானாலும் என்னிடம்தான் வருவார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். மின்வாரியத்துக்கு நான் எழுதுவேன், என் வீட்டுக்காரர் கலையரசன் கையெழுத்துப் போடுவார். இந்த மாவட்டத்து அலுவலகங்களில் என் கையெழுத்தில் எத்தனையோ கடிதம் கிடக்கும். அடியில் என் பெயர் இருக்கும் கடிதம் ஒன்றுகூட இருக்காது. அதை நான் ஒரு குறையாக நினைத்ததே இல்லை. எழுதிக் கொடுப்பவள் நான், அவ்வளவுதான் என்று இருந்தேன்.

ஸ்டூல் கதை புரட்டாசியில் தொடங்கியது. காலை ஒன்பதரை மணிக்குக் கவுண்டருக்குப் பின்னால் போய் நின்றால், சாப்பாட்டுக்கு விடும் அரை மணி நேரம் தவிர, கடை அடைக்கும் வரை நிற்க வேண்டும். ஆள் வராத மத்தியானத்திலும் நிற்க வேண்டும். உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் கடையில் வியாபாரம் இல்லை என்று சனங்கள் நினைத்துவிடுமாம். எங்களில் மூத்தவள் பாவாயி அக்கா, சேந்தமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அவளுக்குக் கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்திருக்கும். ஒரு நாள் மூன்று மணி வாக்கில், பிரிக்காத சேலைக் கட்டு ஒன்றின்மேல் இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டாள். தீர்த்தகிரி அதைப் போட்டோ எடுத்து, கடையின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, அடியில் 'வேலை நேரம்' என்று எழுதினார். எண்பது பேர் பார்க்கும் குழு அது. நாலு பேர் சிரிக்கும் பொம்மையும் போட்டார்கள்.

அன்று சாயங்காலம் பாவாயி அக்கா எங்களுக்காகக் காத்திராமல் தனியாகப் படியிறங்கிப் போய்விட்டாள். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் நித்யஸ்ரீதான் போனை எடுத்துக்கொண்டு வந்தாள். எங்களில் சின்னவள், கல்லூரி முடித்துவிட்டு வந்தவள், வாய் கொஞ்சம் நீளம்.

"நாயகியக்கா, கடையில வேல செய்யறவங்களுக்கு உக்கார எடம் குடுக்கோணும்னு நம்ம தமிழ்நாட்டுல சட்டமே இருக்குதுங்க. இருவத்தொண்ணுலயே வந்திருக்குது. நாலு வருசமா நாம சும்மாவே நின்னுட்டிருக்கறோம்."

"சட்டம் இருந்தா ஸ்டூல் நடந்தா வரும்? ஆரு கேக்கறது?" என்றாள் பாவாயி அக்கா.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எழுதினேன். சேலத்தில் இருக்கும் தலைமைக் கடைக்கு, முதலாளி பெயருக்கு. தேதி, பிரிவு, மாடி, ஆட்களின் எண்ணிக்கை, வேலை நேரம், சட்டத்தின் பெயர் எல்லாம் வரிசையாக வந்தது. கையெழுத்து என்று வந்தபோதுதான் கடிதம் நின்றுவிட்டது. முதல் பெயர் யாருடையதோ அவள்தான் கிளப்பிவிட்டவள் என்று ஆகும். இரண்டாவதாகப் போட எல்லோரும் தயார்; முதலாவதாகப் போட ஆளில்லை. நானும் பேனாவை நீட்டினேனே தவிர, போடவில்லை.

பாவாயி அக்கா தன் கண்ணாடி வளையலைக் கழற்றித் தாளில் வைத்தாள். "இதச் சுத்திக் கோடு போடு. கோட்டுக்கு வெளிய ஆளுக்கொரு பக்கம் எழுதிக்கலாம். வட்டத்துல மொதலேது, கடைசியேது?"

அப்படியே செய்தோம். பதினொரு பெயரும் சூரியனின் கதிர் மாதிரி நாலாபுறமும் நீட்டிக்கொண்டு நின்றன. பார்க்க அழகாகத்தான் இருந்தது. தாளைச் சுற்றிச் சுற்றிப் போட்டதில் என் பெயர் தலைகீழாக விழுந்தது.

மூன்று வாரம் கழித்து, தீபாவளி வியாபாரம் ஓய்ந்ததும் ஸ்டூல் வந்தது. நாங்கள் கேட்டது கிடைத்துவிட்டது என்று அரை நாள் சந்தோஷமாக இருந்தோம். வந்தவை ஓர் அடி உயர ஸ்டூல்கள்; துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் போட்டு உட்காருவோமே, அந்த மாதிரி. எங்கள் கவுண்டர் மூன்றரை அடி. உட்கார்ந்தால் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எங்கள் வகிடும் தலையில் வைத்த பூவும் மட்டும்தான் தெரியும்.

இரண்டாம் நாள் ஓர் அம்மா மாடியேறி வந்தார்கள். நாங்கள் ஏழு பேர் உட்கார்ந்திருந்தோம்.

"ஏனுங்க, கடையில ஆருமே இல்லீங்களா?"

"இருக்கறோமுங்க!" என்று கவுண்டருக்கு அடியிலிருந்து பாவாயி அக்கா குரல் கொடுத்தாள்.

அந்த அம்மா பதறிப்போய் இரண்டடி பின்னால் நகர்ந்து, "ஆத்தாடி, எங்கீங்க?" என்றார்கள். நாங்கள் ஏழு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றோம். அதற்கு அவர்கள் இன்னும் அதிகமாகப் பதறினார்கள். சேலை பார்க்காமலே இறங்கிப் போய்விட்டார்கள். தீர்த்தகிரி அன்றே சேலத்துக்குப் போன் செய்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை முதலாளியே வந்துவிட்டார். அதுதான் நான் தொடக்கத்தில் சொன்ன கூட்டம்.

"கேட்டீங்க, குடுத்தேன்," என்றார் முதலாளி. கோபமில்லாமல்தான் சொன்னார். "இப்ப கடையில ஆளே இல்லீன்னு சனங்க திரும்பிப் போகுது. நான் என்ன பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க."

"எடுத்துட்டாச் சரியாப் போயிருமுங்க மொதலாளி," என்றார் தீர்த்தகிரி, சோபா நுனியிலிருந்து. "எல்லாம் போன்ல பாத்துட்டு வர்றதுங்க. உரிமையாமா, பெண்ணியமாமா."

"எனக்கு அந்தப் பேரெல்லாம் தெரியாதுங்க," என்றாள் பாவாயி அக்கா. "காலு வலிக்குதுன்னேன். அதுக்கு அப்படியொரு பேரு இருந்தா இருந்துட்டுப் போகட்டுமுங்க."

"பேரு நல்லாத்தான் இருக்குதுக்கா," என்றாள் நித்யஸ்ரீ.

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க, சோபாவிலிருந்த பையை எட்டி எடுத்துத் திறந்தார். உள்ளேயிருந்து எங்கள் கடிதத்தை எடுத்து மேஜையில் விரித்தார்.

"இதப் பாருங்க. பதினோரு பேரு இருக்குது. எவ்வளவு ஒசரத்துல வேணும்னு எழுதலியே, கேட்டுக்கலாம்னு பாத்தேன். ஆரக் கேக்கறது? தாளச் சுத்திச் சுத்திப் பாத்து எனக்குக் கழுத்து வலிதான் மிச்சம். சரின்னு தீர்த்தகிரியையே வாங்கச் சொல்லிட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. தேதி எழுதினேன், மாடி எழுதினேன், சட்டத்தின் வருடம் எழுதினேன். உயரத்தை விட்டுவிட்டேன். தீர்த்தகிரியைக் குறை சொல்லவும் முடியாது. ஸ்டூல் என்று கேட்டோம், ஸ்டூல் வாங்கினார். அதைவிட எனக்கு உறைத்தது இன்னொன்று. யாரையும் தனியாகப் பிடிக்க முடியாது என்றுதான் வளையலைச் சுற்றிக் கையெழுத்துப் போட்டோம். அந்த வளையல் எங்களைக் காப்பாற்றியது உண்மை. ஆனால் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்க நினைத்தவருக்கும் ஆள் கிடைக்காமல் செய்துவிட்டது.

"எழுதுனது ஆரு?" என்றார் முதலாளி.

பாவாயி அக்காவின் கை என் முழங்கையைப் பிடித்தது, போகாதே என்பது போல. நான் அதை மெதுவாக விடுவித்துவிட்டு, கவுண்டரைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தேன். பத்தடி தூரம்தான் இருக்கும். பதினான்கு வருடத்தில் முதலாளி இருக்கும்போது அந்தப் பக்கம் வந்து நின்றது அதுதான் முதல் தடவை.

"நானுங்க. தெய்வநாயகி. ஒசரம் எழுதாம விட்டதும் என் தப்புத்தானுங்க."

முதலாளி கடிதத்தை இன்னொரு தடவை பார்த்தார். "கையெழுத்து முத்து முத்தா இருக்குது. இப்படிப் பண்ணலாம், அம்மணி. பில் மேஜைக்கு ஓர் ஆளு வேணும். நீங்க இங்க வந்துருங்க. நல்ல சேர் இருக்குது, நாள் பூரா உக்காந்துக்கலாம். மத்தவங்க எப்பவும் போல இருக்கட்டும். இந்த ஸ்டூலெல்லாம் குடோனுக்குப் போகட்டும்."

உள்ளதைச் சொல்ல வேண்டும். அந்த நாற்காலியைப் பார்த்தேன். முதுகுக்குச் சாய்மானம் இருந்தது. எனக்கும் நாற்பத்தொரு வயது. இரவில் காலைச் சுவரில் தூக்கி வைத்தால்தான் தூக்கம் வருகிறது. வேண்டாம் என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆகத்தான் செய்தது. நான் அங்கே உட்கார்ந்துகொண்டு, எதிரே பாவாயி அக்கா ஒரு காலை மாற்றி ஒரு கால் ஊன்றி நிற்பதைப் பார்த்துக்கொண்டு பில் போடுவதை நினைத்துப் பார்த்தேன். அப்படி உட்காருவது எனக்கு உட்கார்ந்ததாகவே இருக்காது.

"எனக்கு மட்டும்னா வேண்டாமுங்க," என்றேன். "ஒரு வாரம் டைம் குடுங்க. சரியான ஒசரத்துல ஒண்ணு செஞ்சு கொண்டாந்து போட்டுக் காட்டறோம். அதுல உக்காந்து யாவாரம் நடக்கலீன்னா நானே எல்லாத்தையும் குடோன்ல போட்டுர்றேன்."

"உக்காந்துக்கிட்டு சேலை விக்கறதாமா," என்றார் தீர்த்தகிரி.

"நீங்க உக்காந்துட்டுத்தானே எங்களை மேய்க்கறீங்க சார், அது நடக்கலியா?" என்றாள் நித்யஸ்ரீ.

முதலாளி எழுந்தார். "ஒரு வாரம். செஞ்சு பாத்துட்டு எனக்கு எழுதுங்க. இந்தத் தடவ மேல ஒரு பேரு இருக்கோணும். நான் போன் போட்டுக் கேக்கற மாதிரி. வளையலெல்லாம் வேண்டாம்." பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அன்று மத்தியானம் ஆள் இல்லாத நேரத்தில் அளவெடுத்தோம். சேலைக் கட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி நான் ஏறி உட்கார, நித்யஸ்ரீ மீட்டர் கோலை வைத்துப் பார்த்தாள். இரண்டு அடியில் முழங்கை கவுண்டருக்கு எட்டவில்லை. மூன்று அடியில் கால் தொங்கிற்று. இரண்டரை அடியில் முகமும் தெரிந்தது, சேலையை விரித்துக் காட்டவும் கை வந்தது. கால் வைக்க ஓர் அடி உயரத்தில் ஒரு குறுக்குக் கம்பி வேண்டும். படம் வரைந்து, அளவை எழுதி, இந்த முறை உயரத்துக்கு அடியில் இரண்டு கோடு போட்டேன்.

செய்வதற்கு ஆள் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. பாவாயி அக்காவின் மகள் அனிதா லாரி பாடி கட்டும் பட்டறையில் பெயிண்ட் அடிக்கிறாள். லாரியின் பக்கவாட்டில் தாமரையும் மயிலும் வரைவதெல்லாம் அவள்தான். பட்டறையில் வெட்டிப்போட்ட பைப்பில், வெல்டரிடம் சொல்லி ஒன்று செய்து தருகிறேன் என்றாள்.

வீட்டில் சொன்னபோது கலையரசன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "எழுதிக் குடு, வேண்டாம்னு சொல்லல. பேர மட்டும் வேற ஆராவது போடட்டும். நாளைக்கு ஏதாச்சும்னா மொத ஆளா உன்னத்தான் வெளிய அனுப்புவாங்க."

"மத்தவங்க பேர இத்தன வருசமா எழுதியாச்சுங்க. எம்பேருக்கு என்ன, கேக்க நல்லாவா இல்ல?"

"நல்ல பேருதான். ரேசன் கார்டுல பாத்திருக்கறேன்," என்றார். பிறகு சோற்றைப் பிசைந்தபடியே, "அனுப்பி உட்டாலும் நீ எழுதிப் பொழச்சுக்குவ," என்றார். அவர் பேச்சில் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம்.

வெள்ளிக்கிழமை காலையில் அனிதா மொபெட்டின் பின்னால் ஸ்டூலைக் கட்டிக்கொண்டு வந்தாள். நாங்கள் கடை வாசலிலேயே சுற்றிக்கொண்டோம். அளவு அரை அங்குலம் பிசகவில்லை. கால்கள் லாரி மஞ்சள். உட்காரும் பலகை சிவப்பு. நாலு மூலையிலும் தாமரை. பின்பக்கத்துக் குறுக்குக் கம்பியில், பச்சை எழுத்தில், 'ஹாரன் அடிக்கவும்' என்று எழுதியிருந்தது.

"ஏன்டி, இது என்னடி?" என்றாள் பாவாயி அக்கா.

அனிதா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "கை பழக்கத்துல எழுதிட்டனம்மா. பின்னாடின்னா அதுதான் வருது. அழிச்சுத் தரட்டுமா?"

"இருக்கட்டும் சாமி," என்றேன். அழிக்க யாருக்கும் மனசு வரவில்லை.

பாவாயி அக்காவைத்தான் முதலில் உட்கார வைத்தோம். குறுக்குக் கம்பியில் காலை வைத்தாள், முந்தானையைச் சரி செய்தாள், கவுண்டரில் இரண்டு முழங்கையையும் ஊன்றினாள். சுற்றிலும் ஒரு தடவை பார்த்துவிட்டு, "கடை இவ்வளவு பெருசா?" என்றாள். நின்றிருந்தபோது அவள் கண் எப்போதும் சுவர்க் கடிகாரத்திலேயே இருந்திருக்கிறது.

பதினோரு மணிக்கு, அன்று பதறி ஓடிய அதே அம்மா மகளோடு மாடியேறினார்கள். கல்யாணச் சேலை எடுக்க வந்திருந்தார்கள். கடைசிப் படியிலேயே நின்று எட்டிப் பார்த்து, "இன்னைக்கு ஆளு கண்ணுக்குத் தெரியறாங்க," என்றார்கள் மகளிடம். பாவாயி அக்கா உட்கார்ந்தபடியே ஒவ்வொரு சேலையாக விரித்தாள். அந்த அம்மாவும் எதிரே சோபாவை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். "நீங்க நின்னுட்டுக் காட்டுனா எனக்குச் சீக்கிரம் எடுத்துட்டுப் போகோணும்னு இருக்கும். இப்ப நிதானமாப் பாக்கலாமுங்க," என்றார்கள். நிதானமாகவே பார்த்தார்கள். முகூர்த்தச் சேலையோடு சேர்த்து ஒன்பது சேலை எடுத்தார்கள். தீர்த்தகிரி பில் மேஜையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளி முதல் நான்கு நாளும் ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று முறை வைத்து உட்கார்ந்தோம். திங்கட்கிழமை சாப்பாடு முடித்து நானும் நித்யஸ்ரீயும் கொஞ்சம் முன்னதாக மேலே வந்தபோது, ஸ்டூலில் தீர்த்தகிரி உட்கார்ந்திருந்தார். கால் இரண்டும் குறுக்குக் கம்பியில். கண் மூடியிருந்தது.

நித்யஸ்ரீ போனைத் தூக்கினாள். நான் அவள் கையை இறக்கிவிட்டேன். பாவாயி அக்காவுக்கு எப்படி இருந்தது என்று எங்களுக்குத் தெரியும். இன்னொருவருக்கு அதைச் செய்துதான் நாங்கள் உயர வேண்டும் என்றில்லை. அவளும் போனைப் பையில் போட்டுக்கொண்டாள். ஆனால் வாயை அடக்க முடியவில்லை.

"சார், பின்னாடி எழுதியிருக்கறதப் படிக்கலீங்களா? ஹாரன் அடிச்சுட்டு ஏறோணும்."

தீர்த்தகிரி துள்ளி இறங்கினார். முகம் சிவந்துவிட்டது. பிறகு அவரும் சிரித்துவிட்டார். "ஒசரம் சரியாத்தான் இருக்குது," என்று சொல்லிவிட்டுக் கீழே போனார். சாயங்காலம் பார்த்தபோது, வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பழைய போட்டோ இல்லை.

அன்றே கடிதம் எழுத உட்கார்ந்தேன். அந்த ஸ்டூலில், கவுண்டர் கண்ணாடியில் தாளை வைத்து. 'அனுப்புநர்' என்று எழுதிவிட்டு, வழக்கம்போல யார் பெயர் என்று கேட்க நிமிர்ந்தேன். பத்துப் பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாளுக்குத் திரும்பி, 'தெய்வநாயகி' என்று எழுதினேன். அடுத்த வரியில் வேலை, பிரிவு. அதற்கடுத்து என் போன் எண். பெண்ணியம் என்ற சொல்லைப் பள்ளிக் கட்டுரையில் எழுதிப் பரிசு வாங்கியிருக்கிறேன். மூன்று பக்கம். அந்த மூன்று பக்கம் எழுதியபோது இல்லாத ஒன்று, இந்த ஒரு வரி எழுதியபோது எனக்குள் வந்து நிமிர்ந்து உட்கார்ந்தது.

உயரம் இரண்டரை அடி. குறுக்குக் கம்பி ஓர் அடியில். எண்ணிக்கை பதினொன்று. வெள்ளி முதல் திங்கள் வரை உட்கார்ந்தே வியாபாரம் நடந்த விவரம். சட்டத்தின் பெயர். படம் இணைப்பு. சேலம் கடையிலும் பெண்கள் நிற்கிறார்கள், அங்கும் வேண்டும் என்று கடைசியில் ஒரு பத்தி; இதை யாரும் கேட்காமல் நானே சேர்த்தேன். இதே கடிதத்தின் பிரதி ஒன்றை, தொழிலாளர் துறை அலுவலக முகவரி எழுதிய இன்னோர் உறையில் வைத்துக்கொண்டேன். பதினைந்து நாள் பார்ப்பதாக இருக்கிறேன். தேவைப்படாது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் உறை தயார்.

'இப்படிக்கு' என்று எழுதி, என் கையெழுத்தைப் போட்டேன். நேராக, தலைகீழாக இல்லாமல்.

"எனக்கு அடுத்தது," என்று பாவாயி அக்கா பேனாவைப் பிடுங்கினாள்.

"அதெப்படி, சட்டத்தக் கண்டுபுடிச்சது நானு," என்றாள் நித்யஸ்ரீ.

"காலு வலிச்சது எனக்குடி, கண்ணு."

பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கின. பாவாயி அக்காவின் வளையல் அவள் கையிலேயே கிடந்து சத்தம் போட்டது.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தபால் அலுவலகம் திறக்கும்போது முதல் ஆளாக நின்றேன். உறைக்குள் கடிதத்தையும் படத்தையும் வைத்து, மடிப்பில் பசை தடவி, ஓரம் முழுக்கக் கட்டை விரலால் அழுத்தி ஒட்டினேன். ஸ்பீடு போஸ்ட் சன்னலில் இருந்த பெண் உறையைத் தராசில் வைத்தாள்.

"அனுப்பறது ஆருங்க?" என்றாள், கம்ப்யூட்டரைப் பார்த்தபடி.

"நானுங்க."

"பேரு?"

சொன்னேன். ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். சீட்டு வந்தது, அதில் என் பெயர் இருந்தது. அவள் உறையில் முத்திரையைக் குத்தி, பின்னால் திறந்திருந்த பைக்குள் போட்டாள்.